சப்நெட் மாஸ்க்கும் சனிக்கிழமை சம்பளமும்

கொஞ்ச நாள் முன்னாடி ஆபீஸ்ல ஒரு இண்டர்வியூ. நெட்வொர்க் சப்போர்ட் வேலைக்கு. கேள்வி கேக்குற பக்கத்துல நான். வந்திருந்த தம்பி இன்ஜினியரிங் முடிச்சு ஒரு வருசம் ஆச்சு, நடுவுல ஒரு இன்ஸ்டிட்யூட்ல காசு கட்டி நெட்வொர்க்கிங் கோர்ஸும் படிச்சிருந்தார்.

"/26-ல எத்தனை ஹோஸ்ட்?"ன்னு கேட்டேன். கேட்டு முடிக்கறதுக்குள்ள "62 சார்". "/27?" "30 சார்". சரி, கொஞ்சம் பெருசா கேப்போம்னு "/20?"ன்னேன். நாலு செகண்ட் தான். "4094 சார்". பிரமாதம்! எனக்கே அவ்வளவு வேகம் வராது.

அப்புறம் ஒரு பேப்பர்ல ரெண்டு பொட்டி வரைஞ்சேன். ஒண்ணுக்கு 192.168.10.50, இன்னொண்ணுக்கு 192.168.10.70. நடுவுல ஒரு ரவுட்டர். "ரெண்டுக்கும் சரியான மாஸ்க் 255.255.255.192. ஆனா முதல் மெஷின்ல மட்டும் தெரியாம 255.255.255.0ன்னு போட்டுட்டாங்க. என்ன ஆகும்?"

தம்பி பேப்பரையே பார்த்துக்கிட்டு இருந்தார். "கிளாஸ் சி சார்... 254 ஹோஸ்ட்..."ன்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டார். கொஞ்ச நேரம் கழிச்சு, "ஒர்க் ஆகாது சார்". "எது ஒர்க் ஆகாது? ஏன் ஆகாது?" பதில் இல்ல. நெத்தியில வேர்வை. நான் மார்க்கைக் குறைச்சுப் போட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன்.

அவருக்கு என்ன ஆச்சுன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, அந்தக் கேள்வியை நான் எங்கிருந்து எடுத்தேன்னு சொல்லணும். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

2004-ஆம் வருசம். நான் திருப்பூர்ல கம்ப்யூட்டர் சர்வீஸ் பண்ற ஒரு சின்ன கம்பெனியில வேலை பார்த்துக்கிட்டிருந்தேன். டிவிஎஸ் பிஃப்டியில பின்னாடி ஒரு மானிட்டரைக் கட்டிக்கிட்டு ஊரு சுத்துற வேலை. ஒரு பனியன் கம்பெனி எங்க கஸ்டமர். ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஆபீஸ், அந்தப் பக்கம் குடோனும் பேக்கிங் செக்‌ஷனும். பீஸ் ரேட் கணக்கெல்லாம் குடோன்ல இருந்த சர்வர்ல. சம்பளம் போடற கம்ப்யூட்டர் ஆபீஸ்ல. திருப்பூர்ல சனிக்கிழமை சாயங்காலம்னா சம்பளம்னு அர்த்தம். தெரியாதவங்க இருக்க மாட்டாங்க.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அந்த சம்பளக் கம்ப்யூட்டர் புகைஞ்சு போச்சு. நான் போய் புதுப் பொட்டியை வெச்சேன். பழைய பொட்டி மேல ஸ்டிக்கர்ல 192.168.10.50ன்னு எழுதியிருந்துச்சு, கேட்வே 192.168.10.1ன்னு இருந்துச்சு. மாஸ்க் எழுதல. நான் ஐ.பி. முகவரியை அடிச்சேன், அடுத்த கட்டத்துக்குப் போனதும் விண்டோஸே தானா 255.255.255.0ன்னு நிரப்பிக்கிச்சு. அதான் போட்டுடுச்சேன்னு ஓகே குடுத்துட்டேன்.

இண்டர்நெட் வருது. பக்கத்து சீட் மெஷின் வருது. பிரிண்டர் வருது. குடோன் சர்வர் மட்டும் வரல!

கேபிளை மாத்தினேன். லேன் கார்டை மாத்தினேன். சுவிட்ச்சுல போர்ட்டை மாத்தினேன். கடைசியில விண்டோஸையே திரும்ப இன்ஸ்டால் பண்ணேன் (சிரிக்காதீங்க, எல்லாரும் பண்ணது தான்). ஐ.பி.யைத் திரும்ப அடிச்சப்பவும் அதே 255.255.255.0 தானா வந்து உக்காந்துக்கிச்சு. மணி ஏழு ஆயிடுச்சு. வெளியில வராண்டாவுல செக்கிங், கைமடி, அயர்ன்னு எல்லா செக்‌ஷன் ஆளுங்களும் நிக்கறாங்க. மேனேஜர் உள்ள வந்து, "தம்பி, இன்னும் எவ்வளவு நேரமாகுமுங்க?"ன்னு கேட்டார். கோவமா கேட்டிருந்தா கூடப் பரவாயில்ல. ஒரு அக்கா கைப்பிள்ளையோட நின்னுக்கிட்டு, ஊருக்குக் கடைசி பஸ்ஸு எட்டரைக்குன்னு பக்கத்துல இருக்கறவங்ககிட்ட சொல்லிக்கிட்டிருந்தாங்க. எனக்குக் கேக்கணும்னு தான் சொன்னாங்களோ என்னவோ.

வேற வழியில்லாம எங்க கம்பெனி சீனியருக்குப் போன் போட்டேன். வந்தார். கேபிளைத் தொடல. கருப்பு விண்டோவைத் திறந்து ஐ.பி. விவரம் மூணு வரியைப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"இந்த மெஷின், குடோன் சர்வரு எங்க இருக்குன்னு நினைச்சுக்கிட்டிருக்கு?"

கடைசி 0-வை அழிச்சு 192ன்னு அடிச்சார். சர்வர் வந்துடுச்சு. அப்போ மணி 8:40. அந்த அக்காவோட பஸ்ஸு போயிருச்சு.

இத்தனை வருசத்துல நான் படிச்ச சப்நெட்டிங் எல்லாத்தையும் விட அந்த ஒரு கேள்வி தான் பெருசுன்னு நினைக்கிறேன். நம்ம ஊர் வகுப்பறைகள்ல அந்தக் கேள்வியை யாரும் கேக்கறதே இல்லைங்கறது தான் என் ஆதங்கம். எத்தனை ஹோஸ்ட், எத்தனை சப்நெட், பிளாக் சைஸ் என்னன்னு கணக்கா கேட்டுத் தள்ளுறோம். அந்தக் கணக்கு எதுக்குன்னு சொல்றதில்ல.

விஷயம் இவ்வளவு தான். ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டருக்கு ஒரு பாக்கெட் அனுப்பணும்னா முதல்ல ஒரு முடிவு எடுக்கணும். எதிராளி நம்ம வீட்டுக்குள்ளயே இருக்காரா, வெளியூரா? வீட்டுக்குள்ளன்னா நேரா கூப்பிட்டுக் குடுத்துடலாம். வெளியூர்னா வாசல்ல இருக்கற கேட்வேகிட்ட குடுத்துடணும், அது பாத்துக்கும். இந்த முடிவை எடுக்கறதுக்குத் தான் சப்நெட் மாஸ்க்.

பழைய லேண்ட்லைன் போன் இருந்தவங்களுக்கு இது சுலபமாப் புரியும். முன்னாடி இருக்கற பூஜ்ஜியத்தை விட்டுட்டுப் பாருங்க. சென்னைக்கு எஸ்.டி.டி. கோடு 44, அப்புறம் 8 இலக்க நம்பர். திருப்பூருக்கு 421, அப்புறம் 7 இலக்கம். பொள்ளாச்சிக்கு 4259, அப்புறம் 6 இலக்கம். எங்கே கூட்டினாலும் மொத்தம் 10. ஊர் பெருசா இருந்தா கோடு சின்னது, உள்ள நிறைய நம்பர். ஊர் சின்னதா இருந்தா கோடு நீளம், உள்ள கொஞ்சம் நம்பர். ஐ.பி. முகவரியும் இதே கதை தான். மொத்தம் 32 பிட். முன்னாடி எத்தனை பிட் "ஊர்", மீதி எத்தனை பிட் "வீட்டு நம்பர்"னு சொல்றது தான் அந்த /24, /26 எல்லாம். /26ன்னா 26 பிட் ஊருக்கு, மீதி 6 பிட் உள்ள இருக்கறவங்களுக்கு. ஆறு பிட்ல 64 நம்பர். அதுல முதலாவது ஊரோட பேரு, கடைசி எல்லாரையும் ஒண்ணா கூப்பிடற பிராட்காஸ்ட். மீதி 62. அந்தத் தம்பி சொன்ன 62 இது தான்!

ஒரே வித்தியாசம், போன்ல ஜீரோ போடணுமா வேண்டாமான்னு நாம முடிவு பண்றோம். இங்க மெஷின் முடிவு பண்ணுது. அது எப்படி முடிவு பண்ணுதுன்னு பார்ப்போம். நான் மாட்டிக்கிட்ட கணக்கையே எடுத்துக்கறேன்.

முதல் மூணு எண் ரெண்டு பக்கமும் ஒண்ணு தான், அதை விட்டுடுங்க. கடைசி எண் மட்டும் பைனரியில:

50 = 00110010
70 = 01000110
192 = 11000000

மாஸ்க்ல 1 இருக்கற இடத்தை மட்டும் வெச்சுக்கிட்டு மீதியைப் பூஜ்ஜியமாக்கணும். ஆண்ட் ஆபரேஷன்னு சொல்றது இதைத் தான். 50-ல முதல் ரெண்டு பிட் 00, அதனால விடை 0. 70-ல முதல் ரெண்டு பிட் 01, விடை 64. ரெண்டும் வேற வேற. "ஆஹா, வெளியூர்"னு மெஷின் கேட்வேகிட்ட குடுத்துடும்.

இப்போ மாஸ்க்ல கடைசி எண் 0-வா இருந்தா? 50-க்கும் 0, 70-க்கும் 0. "அட, நம்ம வீடு தான்"னு மெஷின் நினைச்சுக்கும். நினைச்சுக்கிட்டு, "192.168.10.70 யாருப்பா? உன் மேக் முகவரி என்ன?"ன்னு ஏ.ஆர்.பி. மூலமா வீட்டுக்குள்ளயே கத்தும். குடோன்காரர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கார். அவருக்குக் கேக்காது. சில ரவுட்டர்கள் நடுவுல பூந்து "எங்கிட்ட குடு, நான் சேர்த்துடறேன்"னு பதில் சொல்லும், அதுக்கு பிராக்ஸி ஏ.ஆர்.பி.ன்னு பேரு. எங்க ரவுட்டர்ல அது இல்ல. இண்டர்நெட் மட்டும் ஏன் வந்துச்சு? வெளி முகவரிங்க எந்த மாஸ்க் போட்டாலும் "வெளியூர்" தானே. அதனால அது ஒழுங்கா கேட்வேக்குப் போச்சு. அது தான் என்னை முட்டாளாக்குச்சு.

மேல சொன்னதுல எங்கயாவது "கிளாஸ் சி"ன்னு வந்துச்சா? வரல. வரவேண்டிய அவசியமே இல்ல. என் ரெண்டாவது புகார் அது.

கிளாஸ் ஏ, பி, சின்னு பிரிச்சது 1981-ல வந்த ஆர்.எஃப்.சி. 791 காலத்து விஷயம். ஏ வாங்கினா 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல முகவரி, பி-ன்னா 65,536, சி-ன்னா 256. உங்ககிட்ட 300 கம்ப்யூட்டர் இருந்தா? சி பத்தாது, பி எடுத்தா 65 ஆயிரம் வீண். இட்லி வேணும்னா ஒண்ணு வாங்கு, இல்லன்னா அண்டாவோட வாங்குங்கற மாதிரி. ஒரு நெட்வொர்க்கை உள்ளுக்குள்ள பிரிச்சுக்கலாம்னு 1985-ல ஆர்.எஃப்.சி. 950 சொல்லுச்சு. சப்நெட் மாஸ்க் முறைப்படி வந்தது அப்போ தான். அப்புறமும் பி கிளாஸ் முகவரிங்க வேகமா தீர ஆரம்பிச்சு, ரவுட்டர்கள்ல வழிப் பட்டியலும் வீங்க ஆரம்பிச்சதும், 1993-ல கிளாஸையே தூக்கிப் போட்டுட்டு சைடர் முறையைக் கொண்டு வந்தாங்க. எங்க வேணும்னாலும் கோடு போட்டுக்கலாம். அந்தச் சாய்கோடும் எண்ணும் அங்கிருந்து வந்தது தான்.

1993! அந்தத் தம்பி பொறக்கறதுக்கு எத்தனையோ வருசம் முன்னாடி. இன்னமும் நிறைய இடத்துல முதல் நாள் பாடமே கிளாஸ் ஏ, பி, சி பட்டியல் தான். வரலாறா ஒரு அஞ்சு நிமிசம் சொல்லுங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா அதையே அஸ்திவாரமா போட்டா, பசங்க 192-ன்னு பார்த்ததும் மாஸ்க்கைப் பார்க்காமலே "கிளாஸ் சி"ன்னு சொல்லிடறாங்க. நான் அன்னிக்கு மாட்டிக்கிட்டதும் இதனால தான். விண்டோஸ் தானா நிரப்பினது அந்தப் பழைய கிளாஸ் கணக்கை வெச்சு. மெஷினும் கிளாஸை நம்புச்சு, நானும் நம்பினேன், அந்த அக்காவுக்கு பஸ்ஸு போச்சு.

இதே மாதிரி இன்னொண்ணு. முதல் சப்நெட்டையும் கடைசி சப்நெட்டையும் உபயோகப்படுத்தக் கூடாது, அதனால சப்நெட் எண்ணிக்கையிலயும் ரெண்டைக் கழிக்கணும்னு சில நோட்ஸ்ல இருக்கும். அது வழக்கொழிஞ்சு போச்சுன்னு 1995-லயே ஆர்.எஃப்.சி. 1878-ல எழுதிட்டாங்க. ஜெராக்ஸ் நோட்ஸுக்கு மட்டும் சாவே கிடையாது போல :-)

இதைச் சொன்னா நண்பர்கள் ரெண்டு பதில் வெச்சிருக்காங்க.

ஒண்ணு, "பரீட்சையில நேரம் கம்மிப்பா. சார்ட்டை மனப்பாடம் பண்ணா தான் பாஸாக முடியும்." வாஸ்தவம். வாய்ப்பாடு தெரிஞ்சவன் தான் கடையில சட்டுனு கணக்குப் போடுவான். நானும் சார்ட்டை எதிர்க்கல. ஆனா பெருக்கல்னா என்னன்னு தெரிஞ்சவனுக்குத் தான் வாய்ப்பாடு உதவும். 7 எட்டு 56-ன்னு சொல்லத் தெரிஞ்சு, 7 பேருக்கு ஆளுக்கு 8 ரூபான்னா எவ்வளவு எடுத்து வைக்கணும்னு தெரியலன்னா? அந்த நிலைமையில தான் பசங்களை அனுப்பிக்கிட்டிருக்கோம்.

ரெண்டு, "இப்பல்லாம் கால்குலேட்டர் இருக்கு, எல்லாமே கிளவுட்ல ஓடுது, யாரு சப்நெட்டைப் பத்திக் கவலைப்படறா?" இதைக் கேட்டா தான் எனக்கு அதிகமா வயிறு எரியுது. அமேசான் கிளவுட்ல ஒரு /28 சப்நெட் போட்டா 16 முகவரி. வழக்கமா கழிக்கற ரெண்டு அங்க பத்தாது. ஒவ்வொரு சப்நெட்லயும் அஞ்சை அவங்களே எடுத்துக்குவாங்க, மீதி 11 தான். மனப்பாடம் பண்ண 14-ஐ நம்பி பிளான் போட்டவர் மாட்டிக்குவார். கண்ணை மூடிக்கிட்டு எல்லா இடத்துலயும் 10.0.0.0/16-ன்னு போட்டு வெச்சுட்டு, ரெண்டு வருசம் கழிச்சு ரெண்டு நெட்வொர்க்கை இணைக்கணும்னு வரும்போது முகவரி ஒண்ணோட ஒண்ணு மோதும். அப்படி மோதுச்சுன்னா நேரா இணைக்கவே விடாது. எல்லா மெஷினுக்கும் முகவரி மாத்தற கொடுமையை அனுபவிச்சவங்களைக் கேளுங்க.

2020 ஊரடங்கு ஞாபகம் இருக்கா? எல்லாரும் வீட்டுல இருந்து வேலை. வி.பி.என். கனெக்ட் ஆகுது, ஆனா ஆபீஸ் ஃபைல் சர்வர் வரலன்னு எனக்கு எத்தனை போன் வந்துச்சு தெரியுமா? பாதிப் பேருக்கு ஒரே காரணம். ஆபீஸ் நெட்வொர்க் 192.168.1.0/24, அவங்க வீட்டு வைஃபை பொட்டியும் அதே 192.168.1.0/24. லேப்டாப் மாஸ்க்கை வெச்சுப் பார்த்து, "ஃபைல் சர்வரா? நம்ம வீட்டுல தான் இருக்கும்"னு முடிவு பண்ணி, சமையலறையிலயும் ஹால்லயும் தேடிக்கிட்டிருந்துச்சு. பதினாறு வருசம் கழிச்சு அதே திருப்பூர் கேள்வி. இந்த மெஷின் அந்த சர்வரு எங்க இருக்குன்னு நினைச்சுக்கிட்டிருக்கு?

ஐ.பி.வி4 முகவரிங்க மொத்தமே 429 கோடிச் சொச்சம். உலகத்துக்கே பிரிச்சுக் குடுக்கற ஐயானா அமைப்புகிட்ட இருந்த கையிருப்பு 2011 பிப்ரவரியிலயே தீர்ந்து போச்சு. ஐ.பி.வி6-ல 128 பிட். அங்க ஒரு சாதாரண வீட்டு நெட்வொர்க்குக்கே /64. உள்ள எத்தனை ஹோஸ்ட்னு எண்ணிப் பார்க்கறதுக்கு அர்த்தமே இல்ல, அவ்வளவு பெரிய எண். நம்ம பசங்க ராத்திரி பகலா மனப்பாடம் பண்ற அந்த ஹோஸ்ட் கணக்கு அங்க செல்லாக்காசு. ஆனா "முன்னாடி இத்தனை பிட் ஊரு, மீதி வீடு" அப்படிங்கற யோசனை அப்படியே ஓடும். எதைச் சொல்லிக்குடுக்கணும்னு இதுலயே பதில் இருக்கு.

அதனால பாடம் எடுக்கற நண்பர்கள்கிட்ட என் வேண்டுகோள் இது தான். முதல் நாள் சார்ட்டைக் குடுக்காதீங்க. ரெண்டு பழைய கம்ப்யூட்டரையும் ஒரு ரவுட்டரையும் மேசையில வையுங்க. ஒண்ணுல மாஸ்க்கைத் தப்பாப் போடுங்க. எது வருது, எது வரலன்னு பசங்களையே பார்க்கச் சொல்லுங்க. ஏன்னு கேட்டு வீட்டுக்கு அனுப்புங்க. மறுநாள் பைனரியை எடுங்க. அன்னிக்கு அது அவங்களுக்குக் கணக்குப் பாடமா தெரியாது, துப்பறியற வேலையா தெரியும்.

சரி, அந்தத் தம்பி கதைக்கு வர்றேன்.

இண்டர்வியூ முடிஞ்சு நான் கீழ டீக்கடைக்குப் போனப்போ அவர் பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டிருந்தார். கூப்பிட்டு ஒரு டீ சொன்னேன். "அந்தக் கேள்விக்கு விடை என்னங்க சார்?"ன்னு அவரே கேட்டார். டீக்கடை பேப்பர்லயே எழுதிக் காட்டி, திருப்பூர் கதையையும் சொன்னேன். பத்து நிமிசம் ஆகியிருக்கும். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு அவர் கேட்டார்:

"சார், அப்போ குடோன் சர்வர்ல மாஸ்க் சரியாத்தானே இருந்துச்சு? அங்கிருந்து பிங் பண்ணியிருந்தா, ரவுட்டர் வழியா உங்க மெஷின் வரைக்கும் வந்து சேர்ந்திருக்குமே. பதில் தானே திரும்பிப் போயிருக்காது? அதைப் பார்த்திருந்தீங்கன்னா கேபிள் நல்லா இருக்குன்னு அப்பவே தெரிஞ்சிருக்கும்ல?"

நான் டீ கிளாஸைக் கீழ வெச்சுட்டேன். இந்தக் கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேன். போற வழி சரியா இருந்து, திரும்பற வழி மட்டும் அடைச்சிருந்ததுன்னு நானே ஒரு நாளும் யோசிச்சதில்ல. பத்து நிமிசப் பாடத்துல இவர் அதைப் பிடிச்சுட்டார்.

மேல வந்து மார்க்கை மாத்தலாமான்னு கேட்டேன். லிஸ்ட் போயிடுச்சுன்னு சொல்லிட்டாங்க. அவரோட ரெஸ்யூமை எனக்குத் தெரிஞ்ச ரெண்டு பேருக்கு நானே அனுப்பியிருக்கேன், பார்க்கலாம். இனிமே இண்டர்வியூல ஹோஸ்ட் எண்ணிக்கை கேக்கறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன். பேப்பர்ல ரெண்டு பொட்டி வரைவேன், தெரியலன்னா பத்து நிமிசம் சொல்லிக்குடுப்பேன், அதுக்கப்புறம் அவங்க திருப்பி என்ன கேக்கறாங்கன்னு பார்த்து மார்க் போடுவேன்.

என்ன நான் சொல்றது?

பி.கு: உங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர் மேல ஐ.பி. ஸ்டிக்கர் ஒட்டற பழக்கம் இருந்தா, தயவு செஞ்சு மாஸ்க்கையும் சேர்த்து எழுதி ஒட்டுங்க. யாரோ ஒருத்தருக்கு கடைசி பஸ்ஸு கிடைக்கும்.